5 செ.மீ. ஃபைப்ராய்டு: சாப்பாடு, நடை, எடை இதையெல்லாம் மாற்றினால் கரையுமா?

நனைந்தகுடை:

எனக்கு 39 வயது, ஒரு குழந்தை இருக்கிறது, இனி வேண்டாம் என்று முடிவும் செய்தாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் 2 ஃபைப்ராய்டு (தசைக்கட்டி) என்று வந்தது. ஒன்று 5 செ.மீ., சுவருக்குள்ளேயே இருக்கிறதாம், ரிப்போர்ட்டில் இன்ட்ராமியூரல் என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று 2 செ.மீ., வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு இருக்கிறது. ஒன்றரை வருடமாகவே பீரியட்ஸ் எட்டு, ஒன்பது நாள் இழுக்கிறது. முதல் மூன்று நாளும் ராத்திரி அலாரம் வைத்து எழுந்து பேட் மாற்றுகிறேன், அப்படியும் காலையில் படுக்கை விரிப்பைத் துவைக்கப் போட வேண்டியிருக்கிறது. வயது ஏறினால் இப்படித்தான் இருக்கும் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

அவசரம் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள், ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை தருகிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பரிசோதனைச் சீட்டு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேட ஆரம்பித்தேன், தலை சுற்றிவிட்டது. பாலை நிறுத்து என்கிறார் ஒருவர், சோயா விஷம் என்கிறார் இன்னொருவர், சோயாதான் மருந்து என்கிறார் மூன்றாமவர், விளக்கெண்ணெய்த் துணியை அடிவயிற்றில் கட்டினால் தொண்ணூறு நாளில் கரைந்துவிடும் என்று ஒரு அம்மா சத்தியமே செய்கிறார். என் அம்மாவோ "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு ஆபரேஷன் வேண்டாம். மாத்திரையும் கூடுமானவரை வேண்டாம். சாப்பாடு, நடை, எடை, தூக்கம் இதையெல்லாம் ஒழுங்காக மாற்றினால் கட்டி கரையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வீடியோ லிங்க் வேண்டவே வேண்டாம். அப்புறம் இன்னொன்று, இது கேன்சராக மாறுமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. (சம்பந்தம் உண்டா தெரியாது, கொஞ்ச நாளாக ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக் கடித்துத் தின்கிறேன். என் மகன் என்னைப் பென்குவின் என்று கூப்பிடுகிறான்.)


ஆறாவதுவருடம்:

பென்குவின் அவர்களே, முதலில் அந்தச் சீட்டைக் கைப்பையிலிருந்து வெளியே எடுங்கள். ஐஸ் தின்னும் ஆசைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. உடம்பில் இரும்புச்சத்து வற்றும்போது சிலருக்கு ஐஸ், சிலருக்கு மண், சிலருக்குச் சாக்பீஸ் என்று இப்படி விசித்திரமான ஆசை வரும். எனக்கும் ஐஸ்தான். பல் மருத்துவர்தான் கண்டுபிடித்தார், பல்லில் விரிசலைப் பார்த்துவிட்டு.

எனக்கு இப்போது 46. நாற்பதாவது வயதில் 6 செ.மீ. கட்டி என்று வந்தது, நானும் உங்களைப் போலவே ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். ஒரு வருடம் பால் இல்லை, சர்க்கரை இல்லை, இறைச்சி இல்லை, கோதுமை இல்லை, விருந்துக்குப் போனால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவேன். 9 கிலோ குறைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். வருடக் கடைசியில் ஸ்கேன் எடுத்தால் 6.3 செ.மீ. அன்றைக்கு வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அதைவிட மோசம், ஹீமோகுளோபின் 10-இலிருந்து 8.4-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, நானோ இரும்புச்சத்து வரும் வழிகளில் பாதியை அடைத்துவிட்டு, அதை ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கரையும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். இதை யோசித்துப் பாருங்கள், கட்டி வளர்வதற்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வேண்டும். அந்த ஹார்மோன்களை ஏறக்குறைய முழுதாக அடக்கி, தற்காலிகமாக மெனோபாஸ் நிலைக்கே கொண்டுபோகும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டாலே மூன்று மாதத்தில் கட்டி மூன்றில் ஒரு பங்கோ பாதியோ சுருங்குகிறது, ஊசியை நிறுத்தினால் திரும்பவும் வளர்கிறது. அவ்வளவு பலமான மருந்துக்கே கதை அதுதான் என்றால், நான் சர்க்கரையை நிறுத்தியதற்கு அது எப்படிப் பயப்படும்?

அதற்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் வருடத்தில் நான் கட்டியை மறந்துவிட்டு ரத்தப்போக்கைக் கவனிக்க ஆரம்பித்தேன், வாழ்க்கை மாறியது அப்போதுதான். ஒரு நோட்டில் ஒவ்வொரு பேடுக்கும் மதிப்பெண் போட்டேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, 1990-இலிருந்து மருத்துவர்கள் பயன்படுத்தும் முறை. லேசாகக் கறைபட்ட பேடுக்கு 1, ஓரளவு நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சின்ன ரத்தக்கட்டி வந்தால் 1, பெரியது வந்தால் 5. ஒரு பீரியட்ஸ் முழுவதும் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா, அது அதிக ரத்தப்போக்கு, சுமார் 80 மி.லி.க்கு மேல் போகிறது என்று பொருள். எனக்கு முதல் மாதக் கணக்கு 340. அந்த நோட்டைப் பார்த்தபின் டாக்டர் என்னிடம் பேசிய விதமே வேறு. "நிறைய போகுது" என்று வாயால் சொன்னபோது தலையாட்டியவர், எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, ஆனால் அது 12-இல் நிற்கும்போதே சேமிப்பு காலியாக இருக்கலாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் கஜானா காலி. அந்த அளவுக்குப் போனபின் கீரையும் பயறும் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும், சிலருக்கு ஊசி மூலமாகவே ஏற்ற வேண்டியிருக்கும். மாத்திரை விழுங்கும்போது காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி புளிப்புப் பழம் கூட இருந்தால் நல்லது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். தினமும் போட்டு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் உடம்பு ஒரு நாள் போல இரும்பை உறிஞ்சும் கதவைப் பாதி சாத்திக்கொள்கிறது, மறுநாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகம் சேர்கிறது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போல தொடர வேண்டும், இல்லையென்றால் கஜானா நிரம்பாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பவும் ஐஸுக்குப் போனேன்.

நடை, எடை பற்றி. கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும், அதனால் கூடுதல் எடைக்கும் ஃபைப்ராய்டுக்கும் தொடர்பு இருப்பதில் ஆச்சரியமில்லை. எடை குறைவது நீண்ட கால நன்மை, ரத்த அழுத்தத்துக்கும் நல்லது, பிறகு ஏதாவது ஆபரேஷன் என்று வந்தாலும் மயக்க மருந்து கொடுப்பதும் குணமாவதும் எளிது. ஆனால் ரத்தசோகையோடு ஓடப் போகாதீர்கள், முதலில் இரும்பு, அப்புறம் ஓட்டம். எனக்கு நடையால் உடனே கிடைத்த பலன் மலச்சிக்கல் குறைந்ததுதான். கேட்கச் சின்ன விஷயம், கட்டி பின்பக்கம் குடலை அழுத்தும்போது, அதற்கு மேல் இரும்பு மாத்திரையும் சேரும்போது, அது சின்ன விஷயம் இல்லை.


பச்சைவிளக்கு:

மேலே எழுதியவர் மனதைத் தளரவிடுகிறார், நான் எதிர்மாறாகச் சொல்கிறேன். எனக்கு 4.3 செ.மீ. இருந்தது, கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல் நான்கு மாதம் எடுத்தேன், பாலை முழுதாக நிறுத்தினேன், அடுத்த ஸ்கேனில் 3.9. குறைந்தது குறைந்ததுதானே! இதற்கு ஆய்வே இருக்கிறது, 2013-இல் வந்தது, தினம் 800 மி.கி. எடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருக்கிறது. டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கேப்ஸ்யூலால் ஆபரேஷன் தியேட்டர் நிரம்பாது. தோழி, தைரியமாக ஆரம்பியுங்கள்.


ஸ்கேன்ரூம்:

நான் டாக்டர் இல்லை, ஸ்கேன் எடுக்கும் வேலையில் 14 வருடமாக இருப்பவள். எனவே என் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

4.3-க்கும் 3.9-க்கும் நடுவில் இருப்பது 4 மி.மீ. ஃபைப்ராய்டு பளிங்குக் குண்டு மாதிரி உருண்டையாக, ஓரம் கூர்மையாகத் தெரிகிற பொருள் இல்லை, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். எந்தக் கோணத்தில் வெட்டிப் பார்க்கிறோம், எங்கே கர்சரை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலே சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், நானே இரண்டு தடவை அளந்தாலும் வரும். அதனால் மறு ஸ்கேன் எடுக்கும்போது முடிந்தவரை அதே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள், பீரியட்ஸ் முடிந்த அதே வாக்கில் போங்கள். ஒற்றை விட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று பக்க அளவையும் பாருங்கள். விட்டம் 4-இலிருந்து 5 ஆனால் "ஒரு சென்டிமீட்டர்தானே" என்று தோன்றும், கன அளவில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அப்புறம், கட்டிகள் தானாகவே சுருங்குவதும் உண்டு. 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 72 பெண்களின் 262 ஃபைப்ராய்டுகளை எம்ஆர்ஐ மூலம் தொடர்ந்து அளந்தார்கள். நடுத்தர வளர்ச்சி ஆறு மாதத்துக்கு 9 சதவீதம். ஆனால் 7 சதவீதக் கட்டிகள் யாரும் ஒன்றும் செய்யாமலேயே 20 சதவீதத்துக்கு மேல் சுருங்கின. ஒரே பெண்ணின் கர்ப்பப்பையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டில் ஒன்று வளர்ந்தது, ஒன்று சுருங்கியது. அந்தச் சுருங்கிய கட்டிக்காரி அந்த நேரம் விளக்கெண்ணெய்த் துணி கட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீடியோவும் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, அவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

கிரீன் டீ ஆய்வு உண்மைதான், எகிப்தில் நடந்தது, ஆனால் கடைசிவரை இருந்தவர்கள் 33 பேர். நம்பிக்கை தரும் சின்ன ஆய்வு, அவ்வளவுதான். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சாறில் இருக்கும் இஜிசிஜி என்ற பொருளைத் தினம் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் மாத்திரையாக எடுப்பவர்களுக்குக் கல்லீரல் என்சைம் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. அந்த ஆய்வில் கொடுத்த 800 என்பது சாறின் மொத்த அளவு, அதில் அந்தப் பொருள் பாதிக்கும் குறைவு. வெந்நீரில் போட்டுக் குடிப்பது வேறு, அதைக் காய்ச்சிச் சுண்டவைத்த கேப்ஸ்யூல் வேறு. எடுத்தே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிக் கல்லீரல் பரிசோதனையோடு எடுங்கள், இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள்.

பாலைப் பற்றி: பெரிய ஆய்வுகளில் பால் பொருள் அதிகம் எடுத்தவர்களுக்கு ஃபைப்ராய்டு கொஞ்சம் குறைவாகவே இருந்திருக்கிறது. பழம், பச்சைக் காய்கறி அதிகம் சாப்பிடுபவர்களுக்கும் அப்படியே. மாட்டிறைச்சி, பதப்படுத்திய இறைச்சி, மது, குறிப்பாக பீர், இவை அதிகமானவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. வைட்டமின் டி போதுமான அளவு இருந்தவர்களுக்கு ஃபைப்ராய்டு இருக்கும் வாய்ப்பு சுமார் 32 சதவீதம் குறைவு என்று 2013-இல் ஓர் ஆய்வு. இதெல்லாம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற கணக்கு. வந்த கட்டி போகும் கணக்கு இல்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி வீடியோக்கள் ஓடுகின்றன. வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள், எலும்புக்காவது உதவும்.

கேன்சர் பயத்துக்கு: ஃபைப்ராய்டு கேன்சர் இல்லை. 50 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் வந்திருக்கும், பலருக்கு அது இருப்பதே தெரியாது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்க வந்து என்னிடம் தெரிந்துகொள்வார்கள். கட்டி மாதிரியே தோன்றும் சார்கோமா என்ற கேன்சர் உண்டு, மிக அரிது. மெனோபாஸுக்குப் பிறகும் கட்டி வளர்ந்தாலோ, பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் கழித்து ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் காட்ட வேண்டும். 45-க்கு மேல் அதிக ரத்தப்போக்கு என்றால் கர்ப்பப்பை உள்வரிச் சவ்விலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள், அதற்குப் பயந்து ஓடாதீர்கள்.


பச்சைவிளக்கு:

சரி, கல்லீரல் விஷயம் எனக்குத் தெரியாது, பரிசோதனை எடுக்கிறேன். ஆனால் கேப்ஸ்யூல் எடுத்த நான்கு மாதமும் எனக்குப் பீரியட்ஸ் லேசாக இருந்தது, அதை எந்தக் கர்சரும் இல்லை என்று ஆக்கிவிட முடியாது.


ஸ்கேன்ரூம்:

அதை நான் மறுக்கவில்லை. பேட் கணக்கு வைத்திருந்தீர்களா?


பச்சைவிளக்கு:

இல்லை.


தாமதமாகவந்தவள்:

கட்டி அளவைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் எழுதுகிறேன். எனக்கு இருந்தது 2.2 செ.மீ.தான். "சின்னதுதானே" என்று நானே சிரித்தேன். ஆனால் அது இருந்த இடம் உள்ளறை, சப்மியூகஸ் என்பார்கள், கர்ப்பப்பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரத்தப்போக்கைப் பொறுத்தவரை இந்த வகைதான் மோசம். வெளிப்பக்கம் 7 செ.மீ. வைத்துக்கொண்டு மாதம் நான்கு நாளில் முடிந்துவிடுகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சிறுநீர்ப்பை அழுத்தம்தான் பிரச்சினை.

நான் 14 மாதம் "இயற்கையாகவே" பார்த்துக்கொண்டேன். மூலிகைப் பொடி, காலை வெறும் வயிற்றில் சாறு, யோகா, எல்லாம் ஒழுங்காக. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் குறையும் என்று நினைப்பேன். ஒரு நாள் குளியலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, விழுந்தேன், ஹீமோகுளோபின் 5.9. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதன்பின் கத்தி வைக்காமல், கீழ்வழியாக கேமரா விட்டு (ஹிஸ்டிரோஸ்கோப்பி) அந்தக் கட்டியை மட்டும் சீவி எடுத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்தேன். கர்ப்பப்பை பத்திரமாக இருக்கிறது. பதினான்கு மாதம் எதற்குப் பயந்தேனோ அது ஒரு மத்தியான வேலையாக முடிந்தது.

யோகாவின் மேல் கோபமில்லை, இப்போதும் செய்கிறேன், வலிக்கும் தூக்கத்துக்கும் உதவுகிறது. வெந்நீர்ப் பையும் அப்படித்தான். நான் செய்த தப்பு, அவற்றைச் செய்ததால் மற்றதைத் தள்ளிப்போட்டது. நனைந்தகுடை, உங்களுடையது சுவருக்குள் இருப்பது, அது உள்ளறையை நெரிக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், அந்த ஒரு வாக்கியம் 5 செ.மீ. என்பதைவிட முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, எழுந்தால் தலைசுற்றி நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீரே போக முடியாமல் அடைத்தாலோ, இங்கே வந்து கேள்வி போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்றும் உங்கள் அம்மாவுக்காக. மாத்திரைக்கும் கர்ப்பப்பையை எடுப்பதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் வெளியிடும் லூப், கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது (இது 1990-களிலிருந்தே நடக்கிறது), சூடு வைத்துச் சுருக்குவது. எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் உங்கள் முன்னால் இரண்டு கதவு மட்டும் இருப்பதாக யாராவது சொன்னால் மூன்றாவதைக் கேளுங்கள்.


பக்கத்துஅறைக்காரன்:

பெண்கள் பேசுமிடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். மனைவிக்கு 41, இதே பிரச்சினை, மாதம் ஒரு வாரம் வீடே அமைதியாகிவிடுகிறது. நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும்? நானும் அவரோடு சேர்ந்து சர்க்கரையை நிறுத்தியிருக்கிறேன், அவருக்கு அதனால் எரிச்சல்தான் வருகிறது.


ஆறாவதுவருடம்:

சர்க்கரையை விடுங்கள் சகோ. அந்த வாரம் படுக்கை விரிப்பை நீங்கள் துவையுங்கள், கேட்காமல். இரும்பு மாத்திரை தீர்ந்துபோகும் முன் வாங்கி வையுங்கள். டாக்டரிடம் கூடப் போனால் அவர் சொல்வதை இடையில் புகுந்து திருத்தாதீர்கள். அப்புறம் "எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, அவங்க ஒண்ணும் சொன்னதே இல்ல" என்ற வாக்கியத்தை எந்தக் காரணம் கொண்டும் சொல்லாதீர்கள்.


பக்கத்துஅறைக்காரன்:

கடைசி வாக்கியத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.


நனைந்தகுடை:

எல்லோருக்கும் நன்றி, ஒன்பது நாள் கழித்து வருகிறேன். சீட்டை வெளியே எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.1, ஃபெரிட்டின் 6. ஆறு! டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், "இதை வைத்துக்கொண்டா படியேறி வந்தீர்கள், லிஃப்ட் இருக்கிறதே" என்றார். நெரிக்கிறதா என்று கேட்டேன், உள்ளறையை லேசாகத் தொடுகிறது, நெரிக்கவில்லை என்றார். அதனால் இப்போதைக்கு இரும்பு மாத்திரை, ரத்தம் அதிகமாகப் போகும் நாட்களில் மட்டும் டிரானெக்ஸாமிக் ஆசிட், மூன்று மாதம் பேட் கணக்கு, அதைப் பார்த்துவிட்டு லூப் பற்றிப் பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. அந்த டிரானெக்ஸாமிக் மாத்திரை ஹார்மோன் இல்லையாம், கட்டியையும் தொடாது, ரத்தம் உறைந்தது கரையாமல் பார்த்துக்கொள்ளும், போக்கு பாதியளவு வரைகூடக் குறையலாம் என்றார். எனக்கோ வீட்டில் யாருக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்ததுண்டா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார். மாத்திரையே வேண்டாம் என்று இங்கே எழுதியவள் நான்தான், தெரியும்.

மெனோபாஸ் வந்தால் தானாகச் சுருங்கிவிடுமே, அதுவரை ஓட்டிவிடலாமா என்றும் கேட்டேன். சுருங்கும், ஆனால் அது பொதுவாக 45-க்கும் 55-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அவ்வளவு வருடம் இந்த ஃபெரிட்டினோடு ஓட்ட முடியாது என்றார்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டிவிட்டேன், 1, 5, 20 போடுவதற்கு. மகன் அது என்ன விளையாட்டு என்று கேட்டான், அம்மாவின் ஸ்கோர் என்றேன், எவ்வளவு வந்தால் ஜெயிப்பாய் என்றான். குறைந்தால் என்றேன், அது என்ன விளையாட்டு என்று போய்விட்டான்.

ஒரே ஒரு சந்தேகம். காலையில் எழுந்ததும் காபி இல்லாமல் எனக்கு நடக்காது. இரும்பு மாத்திரையை ராத்திரி படுக்கும்முன் போடலாமா?


ஆறாவதுவருடம்:

போடலாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், போட்டதும் உடனே படுக்காதீர்கள், நெஞ்சு எரியும். நான் இரண்டு வருடம் அப்படித்தான் போட்டேன். ஐஸ் எப்படி?


நனைந்தகுடை:

இன்னும் தின்கிறேன். நேற்று நான்கு கட்டிதான்.